ஷீட்டை உடைக்கும் முன்

கேள்வி

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் வீடு கள்ளிக்குப்பத்தில், ரெட்ஹில்ஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மாமனார் மனை வாங்கியபோது முதலில் போட்டது கீற்றுக் கொட்டகைதான். 1998-இல் கீழே இரண்டு அறைக்குத் தளம் போட்டார். கையில் காசு தீர்ந்துபோனதால் மாடி அறைக்கு சிமெண்ட் ஷீட் போட்டார். என் பிள்ளைகள் இருவரும் அந்த அறையில்தான் படித்து வளர்ந்தார்கள். இப்போது லீவுக்கு வரும் பேத்தியும் அங்கேதான் விளையாடுகிறாள்.

2016 வர்தா புயலில் மூன்று ஷீட் உடைந்தது. புதிதாக மாற்றினோம். உடைந்த துண்டுகளை வீசாமல் வீட்டுக்குப் பின்னால் சாத்தி வைத்தோம். ஒன்று சம்ப்புக்கு மூடியாக இருக்கிறது. ஒன்று கோழிக் கூண்டின் மேல் கிடக்கிறது. வருஷா வருஷம் மாடி ஷீட்டின் மேல்தான் வடகம் காயவைக்கிறேன்.

இப்போது ஷீட்டை எடுத்துவிட்டுத் தளம் போட முடிவு செய்திருக்கிறோம். மேஸ்திரி, "ஒரே நாளில் உடைச்சு இறக்கிடலாம்மா, ரப்பிஷோட போயிடும்" என்கிறார். பெங்களூரில் இருக்கும் மகன், அதில் புற்றுநோய் வரவைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், தொடவே கூடாது என்கிறான். வீடியோ காலில் நிபுணர் வழிகாட்ட, நாமே ஒரு துண்டு எடுத்து கூரியரில் அனுப்பினால் பரிசோதித்துச் சொல்வார்களாம். இது நம்பகமானதா? நானே எடுக்கலாமா? இத்தனை வருஷம் பிள்ளைகளை அந்த அறையில் வைத்திருந்தது தப்பா?

இன்னொன்று. என் கணவருக்கு 62 வயது. 1985 முதல் 22 வருஷம் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் பிரேக் லைனிங் வேலை பார்த்தார். அதிலும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு என்று மகன் சொல்கிறான். அது உண்மையா?

ஒரு வாசகி, கள்ளிக்குப்பம்

பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கேட்டவற்றுக்குச் சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வீடியோ வழிகாட்டுதலோடு வீட்டிலிருப்பவரே மாதிரி எடுத்து அனுப்பலாம். முறையாகச் செய்தால் முடிவு நம்பகமானது. ஆனால் உங்கள் மாடி ஷீட்டுக்கு அந்தச் செலவு அநேகமாகத் தேவையில்லை. பிள்ளைகளை அந்த அறையில் வளர்த்ததற்காக நீங்கள் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம். மேஸ்திரி சொன்னபடி உடைக்க மட்டும் விட்டுவிடாதீர்கள். கடைசியில் நான்கு வரியில் உங்கள் கணவரைப் பற்றி எழுதினீர்களே, இந்தக் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது அதுதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஷீட்டுக்குள் இருப்பது என்ன?

ஆஸ்பெஸ்டாஸ் என்பது மண்ணிலிருந்து வெட்டியெடுக்கும் ஒரு கனிமம். நார் நாராகப் பிரியும் என்பதால் தமிழில் கல்நார் என்கிறோம். தீப்பிடிக்காது, துருப்பிடிக்காது, சிமெண்டோடு கலந்தால் கம்பி போலப் பிடித்துக்கொள்ளும். நம் ஊர் நெளி ஷீட்டில் நூற்றுக்குச் சுமார் எட்டு முதல் பத்துப் பங்கு வெள்ளைக் கல்நாரும், மீதி பெரும்பாலும் சிமெண்டும் சாம்பலும் இருக்கும்.

கீற்றுக்கு அடுத்தபடியாகப் பல ஏழை வீடுகளுக்குக் கிடைத்த உறுதியான கூரை இது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கீற்றுக் கூரையில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன்பின் தமிழ்நாடெங்கும் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகளை அகற்றச் சொன்னார்கள். பல இடங்களில் அந்த இடத்துக்கு வந்தது சிமெண்ட் ஷீட். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய வீடுகளில் சுமார் 16 சதவீதத்துக்கு உலோகத் தகடோ கல்நார் ஷீட்டோதான் கூரை. உங்கள் மாமனார் தன் குடும்பத்தை மழையிலிருந்தும் நெருப்பிலிருந்தும் காப்பாற்றவே அதைப் போட்டார். கடையில் அதை விற்றவர்கள் யாரும் அவரிடம் எச்சரிக்கை சொல்லியிருக்க மாட்டார்கள்.

கெடுதல் எப்படி வருகிறது என்று புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். கல்நார் தோலில் பட்டால் நஞ்சு ஏறாது. அதிலிருந்து வாடை வராது, கதிர்வீச்சும் கிடையாது. ஷீட்டை அறுத்தாலோ, துளைத்தாலோ, அடித்து நொறுக்கினாலோ தலைமுடியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெல்லிய இழைகள் காற்றில் கலக்கும். கண்ணுக்குத் தெரியாது, மூக்கிலும் உறுத்தாது, மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். அவற்றை மூச்சில் இழுத்தால் சில இழைகள் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். வருடக்கணக்கில் அப்படிச் சேர்ந்தால் நுரையீரல் தழும்பேறி இறுகும் அஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் மீசோதீலியோமா ஆகிய நோய்கள் வரலாம். பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவரும். தொழிலில் கல்நார் தூசியைச் சுவாசித்ததால் உலகில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

இதைவிடக் குறைந்தால் ஆபத்தே இல்லை என்று சொல்லும்படி ஓர் அளவை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் இழுத்த தூசி எவ்வளவு குறைவோ அவ்வளவு ஆபத்தும் குறைவு. முழுதாக, அசையாமல் இருக்கும் ஷீட்டில் நார்கள் சிமெண்டுக்குள் பூட்டப்பட்டிருக்கின்றன. அதன் கீழே இருக்கும் காற்றில் இழைகள் மிகக் குறைவாகவே இருக்கும். உங்கள் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். யாரும் அங்கே ஷீட்டை அறுத்துக்கொண்டிருக்கவில்லை. அதனால்தான் கலங்க வேண்டாம் என்கிறேன்.

உங்கள் ஷீட்டுக்குப் பரிசோதனை தேவையா?

1998-இல் இங்கே கடைகளில் விற்ற சாம்பல் நிற நெளி சிமெண்ட் ஷீட் அநேகமாக எல்லாமே கல்நார் கலந்தவை. கல்நார் இல்லாத சிமெண்ட் ஷீட்டுகள் பின்னாளில்தான் பரவின. பின்னால் சாத்தி வைத்த துண்டுகளில் அச்செழுத்து தெரிகிறதா என்று கையால் துடைக்காமல் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 459 என்றிருந்தால் அது கல்நார் ஷீட். அந்தத் தர எண்ணே கல்நார் சிமெண்ட் நெளி ஷீட்டுக்கு உரியது. எழுத்து அழிந்திருந்தாலும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகம் "இருக்கிறது" என்று சொன்னால் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் இப்போதே செய்யலாம். பரிசோதனைக்கு ஆகும் பணத்தைக் கழற்றும் வேலைக்குக் கூடுதல் கூலியாகக் கொடுங்கள்.

பார்த்துச் சொல்ல முடியாத பொருள்களுக்குத்தான் பரிசோதனை உதவும். புயலுக்குப் பின் மாற்றிய மூன்று ஷீட்டுகள் எந்த வகை என்று தெரியாமல் இருக்கலாம். ஷீட்டுக்கு அடியில் வெயிலுக்காக அடித்த தட்டைப் பலகை சிமெண்ட் போர்டா, ஜிப்சமா, கல்நார் போர்டா என்று புரியாமல் இருக்கலாம். மழைநீர் இறங்கும் பழைய சிமெண்ட் குழாய், பழைய ஃப்யூஸ் கட்டையில் சுற்றிய வெள்ளைக் கயிறு போன்றவையும் உண்டு. இவற்றில் ஏதாவது உங்கள் வீட்டில் இருந்து, அதில் கை வைக்கப்போகிறீர்கள் என்றால் பரிசோதியுங்கள்.

வீடியோவில் நிபுணர்

இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கல்நாரை அகற்ற உரிமம் பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள். நம் நாட்டில் வீடுகளுக்கு அப்படி ஓர் ஏற்பாடு வேரூன்றவில்லை. அதனால் தொலைவிலிருந்து வழிகாட்டும் முறை நமக்கு உண்மையிலேயே பயன்படும். ஆனால் அவரால் முடிவது எது, முடியாதது எது என்று தெரிந்து பணம் கட்டுங்கள்.

வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லி, எதைப் பரிசோதிக்க வேண்டும், எதை அப்படியே கல்நார் என்று வைத்துக்கொள்ளலாம் என்று அவர் பிரித்துச் சொல்ல முடியும். எந்த இடத்தில் எடுத்தால் தூசி குறைவு என்று காட்டுவார். நீங்கள் எடுக்கும்போது கூடவே பார்த்து, தவறினால் நிறுத்தச் சொல்வார். வந்த அறிக்கையைப் படித்து விளக்குவார்.

ஒரு பொருளில் கல்நார் இருக்கிறதா இல்லையா என்று படத்தைப் பார்த்து முடிவாகச் சொல்ல அவரால் முடியாது. எந்த நிபுணராலும் முடியாது. உங்கள் வீட்டுக் காற்றில் எத்தனை இழை இருக்கிறது என்றும் திரையிலிருந்து அளக்க முடியாது. அதற்குப் பம்பும் வடிகட்டியும் கொண்டு ஆள் நேரில் வர வேண்டும். "போட்டோ அனுப்புங்க, உடனே சொல்லிடறேன்" என்பவரை நம்பாதீர்கள். பரிசோதிப்பவரே அகற்றும் காண்ட்ராக்டையும் விற்றால், வேறொருவரிடமும் கேளுங்கள்.

பணம் கட்டும் முன் அவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். மாதிரி எந்த ஆய்வகத்துக்குப் போகிறது? கல்நார் பரிசோதனைக்கென்றே அந்த ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உண்டா? எந்த முறையில் பார்ப்பார்கள்? ஆய்வகத்தின் கையெழுத்திட்ட அறிக்கை நேராக உங்கள் கைக்கு வருமா? இரண்டாவது கேள்வியில் கவனம் தேவை. தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் எல்லாம் கல்நாருக்கும் பெற்றதாகாது. அங்கீகாரத்தோடு எந்தெந்தப் பரிசோதனைக்கு என்ற பட்டியலும் இருக்கும். அதை அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

மாதிரி எடுக்கும் முறை

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கூரை ஷீட்டைப் பற்றிச் சந்தேகம் தீர வேண்டும் என்றால் கூரையில் ஏறவே வேண்டாம். அதே ஷீட்டின் உடைந்த துண்டுகள் கீழேயே இருக்கின்றன. எதை எடுத்தாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. காற்று அதிகம் வீசாத காலை நேரத்தில் செய்யுங்கள். அறைக்குள் என்றால் மின்விசிறியை நிறுத்துங்கள். பேத்தி அன்று வீட்டில் இருக்க வேண்டாம். போனை ஸ்டாண்டில் வைத்து வீடியோ காலைத் தொடங்கிவிட்டுப் பிறகு கையுறை போடுங்கள்.

2. பி100 அல்லது பி3 வடிகட்டி பொருத்திய ரப்பர் முகமூடி அணியுங்கள். பாதுகாப்பு உபகரணக் கடைகளில் கிடைக்கும். முகத்தோடு இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். முந்தானை, துண்டு, நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க் எதுவும் இந்த இழையைத் தடுக்காது.

3. கீழே ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போடுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் சில துளி கலந்த தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் எடுத்து, அந்த இடத்தில் மெதுவாகத் தெளித்துப் பத்து நிமிஷம் ஊறவிடுங்கள். சோப்பு கலந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். முறை முழுவதிலும் இதுதான் உயிர்: நனைந்த நார் பறக்காது.

4. ஏற்கெனவே உடைந்த ஓரத்தில், குறடால் கெட்டியாகப் பிடித்து ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு துண்டைக் கிள்ளி எடுங்கள். ஒருவர் எடுக்க இன்னொருவர் தொடர்ந்து தெளிக்கலாம். அவருக்கும் அதே முகமூடி வேண்டும். சுத்தியல், ஹாக்சா பிளேடு, டிரில், கட்டிங் மெஷின் எதுவும் கூடாது.

5. துண்டை ஜிப் பையில் போட்டு மூடி, பையின் வெளிப்புறத்தை ஈரத்தாளால் துடைத்து, இன்னொரு ஜிப் பைக்குள் வையுங்கள். எண், எடுத்த இடம், தேதி மூன்றையும் எழுதுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பை; ஒன்றுக்குப் பயன்படுத்திய குறடைத் துடைத்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

6. எடுத்த ஓரத்தில் பெயிண்ட் பூசி அடையுங்கள். விரிப்பு, துடைத்த தாள், கையுறை எல்லாவற்றையும் ஈரமாகவே ஒரு தடித்த பையில் கட்டி, உடைந்த துண்டுகளோடு சேர்த்து வையுங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள். சாதாரண வேக்குவம் கிளீனர் வேண்டவே வேண்டாம். அது இழையை உள்ளே இழுத்துப் பின்பக்கமாக வீட்டுக்குள்ளேயே ஊதிவிடும்.

7. உடுத்திய துணியை உதறாமல் தண்ணீரில் நனைத்துத் தனியாகத் துவையுங்கள். தலைக்குக் குளித்துவிடுங்கள்.

கூரியரில் அனுப்பும் முன் ஆய்வகத்திடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் தரும் படிவத்தில் நீங்கள் எழுதும் எண்ணும் பையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அது மாறினால் மொத்த வேலையும் வீண்.

அறிக்கையைப் படிப்பது

ஷீட், போர்டு போன்ற பொருள்களைத் துருவமுனை ஒளி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், ஆய்வகத்தார் பி.எல்.எம். என்பார்கள். துண்டிலிருந்து நாரைப் பிரித்து, ஒளிவிலகல் எண் தெரிந்த எண்ணெயில் வைத்துப் பார்க்கும்போது ஒவ்வொரு வகைக் கல்நாரும் தனக்கே உரிய நிறத்தைக் காட்டும். வெள்ளைக் கல்நாரின் இழை முடிபோல வளைந்திருக்கும். எண்ணெயைச் சரியாகத் தேர்ந்தால் அது ஒரு திசையில் கருஞ்சிவப்பாகவும், குறுக்கே திருப்பினால் நீலமாகவும் தெரியும். பழுப்பு, நீலக் கல்நார்களின் இழைகள் நேராக இருக்கும். கண்ணாடி இழைக்கும் பஞ்சு நாருக்கும் இந்த நடத்தை கிடையாது.

அறிக்கையில் மாதிரி எண், பரிசோதனை முறை, கல்நாரின் வகை, தோராயமான சதவீதம், முறையால் கண்டுபிடிக்க முடிந்த குறைந்தபட்ச அளவு, பொறுப்பாளரின் கையெழுத்து ஆறும் இருக்க வேண்டும். "கண்டறியப்படவில்லை" என்று வந்தால் அனுப்பிய அந்தத் துண்டில் அந்த முறைக்கு எட்டும் அளவுக்கு இல்லை என்று மட்டுமே பொருள். ஒரு போர்டுத் துண்டின் முடிவை வைத்து வீடு முழுவதையும் தீர்மானிக்காதீர்கள்.

நாளை காலையே செய்ய வேண்டியவை

பின்னால் கிடக்கும் துண்டுகள்தான் இன்று உங்கள் வீட்டின் பலவீனமான இடம். கூரையில் இருப்பது அசையாமல் இருக்கிறது. இவை மிதிபடுகின்றன, உரசுகின்றன, உடைகின்றன. சம்ப் மூடியை இரும்பிலோ சிமெண்ட் பலகையிலோ மாற்றுங்கள். கோழிக் கூண்டின் மேலுள்ளதையும் எடுங்கள். எல்லாவற்றையும் முகமூடியோடு, நனைத்து, தடித்த பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, டேப் ஒட்டி, "கல்நார், உடைக்காதே" என்று எழுதி ஓரமாக அடுக்குங்கள். பாண்டி விளையாட ஷீட் சில்லைத் தேய்த்து உருட்டிய தலைமுறை நாம். பேத்தி கையில் அது கிடைக்க வேண்டாம்.

வடகம் காயவைப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மழையும் வெயிலும் பட்டு 25 வருஷத்தில் ஷீட்டின் மேல்தோல் சிமெண்ட் கரைந்து நார் வெளியே தெரியத் தொடங்கும். அதன்மேல் துணி விரித்து எடுத்து உதறுவதும், பாசியை விளக்குமாற்றால் தேய்ப்பதும் இழையை எழுப்பும். மழைநீர் சேகரிப்புக் குழாய் அந்தக் கூரையிலிருந்து வருகிறது என்றால், அதன் வாயில் படியும் சேற்றைக் காயவிடாமல் ஈரமாகவே அள்ளுங்கள். தண்ணீரைக் குடித்ததால் வரும் ஆபத்தை எண்ணிப் பயப்பட வேண்டாம். மூச்சு வழியாகப் போவதே பெரிய கெடுதல் என்பதில் ஆய்வாளர்களிடையே ஐயமில்லை.

கழற்றும் நாள்

தளம் போடுவதை இன்னும் சில வருஷம் தள்ளிவைக்க முடியுமானால், ஷீட் விரிசலில்லாமல் இருந்தால், அப்படியே விட்டு மேலே பூச்சு அடிப்பதும் சரியான வழியே. தேய்க்காமல், பிரஷர் பம்பால் கழுவாமல் பூச வேண்டும். எடுப்பதென்று முடிவு செய்துவிட்டால் மேஸ்திரியோடு உட்கார்ந்து பேசுங்கள். "உடைச்சு இறக்குறது வேணாம், கழட்டி இறக்கணும். ஒரு நாள் கூட ஆனாலும் கூலி தர்றேன்" என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

வேலைக்கு முதல் நாள் மாலையும் அன்று காலையும் ஷீட்டை இருபுறமும் நன்றாக நனைக்கச் சொல்லுங்கள். ஜே போல்ட் துருப்பிடித்து வராவிட்டால் ஷீட்டை உடைக்காமல், நனைத்துக்கொண்டே போல்ட்டை வெட்டட்டும். ஒவ்வொரு ஷீட்டையும் இருவர் பிடித்து முழுதாக இறக்கட்டும். மேலிருந்து வீச வேண்டாம். இறக்கியதும் பாலிதீனில் சுற்றிவிடுங்கள். வேலை செய்யும் அத்தனை பேருக்கும், கீழே நின்று வாங்கும் சித்தாளுக்கும், அதே ரப்பர் முகமூடியை நீங்களே வாங்கிக் கொடுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளில் அன்று ஜன்னலைச் சாத்தி, காயும் துணியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உயிருக்கு உடனடி ஆபத்து ஒன்றும் இதில் இருக்கிறது. பழைய ஷீட் ஆளின் எடையைத் தாங்காது. அதன்மேல் கால் வைத்து உள்ளே விழுந்து இறந்தவர்கள் நிறைய. நாரின் நோய் முப்பது வருஷம் கழித்து வரும். விழுந்தால் அன்றே முடிந்துவிடும். பலகை குறுக்கே போட்டு, அல்லது கீழிருந்து சாரம் கட்டி மட்டுமே கழற்ற வேண்டும்.

கழற்றியது எங்கே போக வேண்டும்?

"ரப்பிஷோட போயிடும்" என்பதுதான் எனக்கு மிகவும் பயம் தரும் வாக்கியம். சென்னையில் கட்டட இடிபாடுகளைக் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் உள்ள நிலையங்களில் இயந்திரத்தில் அரைத்து ஜல்லியாகவும் மணலாகவும் ஆக்குகிறார்கள். உங்கள் ஷீட் அதில் கலந்தால் அரைபட்டு, அங்கே வேலை செய்பவர்களின் மூச்சில் போகும். குட்டையிலோ ஏரிக்கரையிலோ கொட்டினால் லாரி ஏறி ஏறி நொறுக்கும். காயலான் கடைக்கோ, கோழிக் கூண்டுக்கு வேண்டும் என்று கேட்பவருக்கோ கொடுத்தால் அபாயம் வேறு வீட்டுக்குக் குடிபோகிறது, அவ்வளவுதான்.

கல்நார் கழிவு 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் பட்டியலில் இருக்கிறது. அத்தகைய கழிவைப் புதைக்கும் பாதுகாப்பான குழி நமக்கு அருகிலேயே கும்மிடிப்பூண்டியில் உண்டு; ஆனால் அது தொழிற்சாலைகளுக்காக அமைந்தது, ஒரு வீட்டின் பத்து ஷீட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க எளிதான வழி நமக்கு இன்னும் கிடைக்கவில்லை. எனவே கழற்றுவதற்கு முன்பே அம்பத்தூர் மண்டல மாநகராட்சி அலுவலகத்திலும், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அம்பத்தூர் மாவட்ட அலுவலகத்திலும் எழுத்தில் மனு கொடுங்கள். மாநகராட்சியின் 1913 எண்ணிலும் பதிவு செய்யுங்கள். பதில் வரும்வரை சுற்றிய கட்டு உங்கள் வீட்டு ஓரத்தில் இருக்கட்டும். சுற்றியிருக்கும்வரை அதனால் கெடுதல் இல்லை. தெருவில் நான்கு வீட்டார் சேர்ந்து மனு கொடுத்தால் கேட்பார்கள். கேட்கவைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் கல்நாரைத் தடை செய்தது. அமெரிக்கா 2024-இல் வெள்ளைக் கல்நாரையும் தடை செய்தது. நாம் புதிய சுரங்கங்களை நிறுத்திவிட்டோம், ஆனால் ரஷ்யாவிலிருந்தும் கஜகஸ்தானிலிருந்தும் இறக்குமதி செய்து இன்னும் ஷீட் போட்டுக்கொண்டிருக்கிறோம். விற்க வழி வைத்திருக்கும் அரசு, பாதுகாப்பாக அகற்றவும் வழி வைக்க வேண்டும்.

உங்கள் கணவரைப் பற்றி

மகன் சொன்னது உண்மை. உங்கள் கணவர் வேலை பார்த்த காலத்தில் லாரி, பஸ் பிரேக் லைனிங் பெரும்பாலும் கல்நார் கலந்தவை. டிரம்மைத் திறந்ததும் உள்ளே படிந்த கறுப்புத் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்வார்கள். புது லைனிங்கை ஒட்டித் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவார்கள். இரண்டிலும் பறக்கும் தூசி நேராக முகத்துக்கு வரும். மாடி அறையில் ஒரு தலைமுறை படித்தாலும் சேராத அளவு தூசி அப்படிப்பட்ட பட்டறையில் சேர வாய்ப்புண்டு. 1985-இலிருந்து எண்ணினால், நோய் வெளிப்படும் காலத்தில்தான் இப்போது அவர் இருக்கிறார்.

இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. பிரேக் வேலை பார்த்த பெரும்பாலானோருக்கு இந்த நோய்கள் வருவதில்லை. ஆனால் வந்தால் சீக்கிரம் தெரிய வேண்டும். மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, மாதக்கணக்கில் வறட்டு இருமல், நெஞ்சில் ஒரு பக்கம் கனம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டாலும் ஒருமுறை நெஞ்சக நோய் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்; தாம்பரம் சானடோரியத்தில் அரசின் நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. மார்பு எக்ஸ்ரேயும், ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியும் முதல் படி. ஸ்கேன் வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். அவர் பீடியோ சிகரெட்டோ பிடிப்பவரானால் இன்றே விட வேண்டும். கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். 22 வருஷம் அவர் அழுக்குச் சட்டையை உதறித் துவைத்தது நீங்கள்தானே? லண்டனில் 1965-இல் வெளியான ஓர் ஆய்வில், மீசோதீலியோமா வந்த 76 பேரில் 9 பேர் கல்நாரில் வேலையே பார்க்காதவர்கள். கல்நார் வேலைக்குப் போனவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். தூசி சட்டையோடு வீட்டுக்கு வந்தது. அதனால் அவரோடு நீங்களும் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, எந்தப் பட்டறை, என்ன வேலை, நாளைக்கு எத்தனை வண்டி, கூட வேலை பார்த்தவர்கள் யார் யார். மருத்துவர்கள் பெரும்பாலும் "என்ன வேலை பார்த்தீர்கள்" என்று கேட்பதில்லை. கேட்காவிட்டால் நுரையீரல் தழும்பு காசநோய் என்றோ வயோதிகம் என்றோ பெயர் பெற்றுவிடும். உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரி 27 தீர்ப்பில், கல்நார் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. சிறு பட்டறையில் அப்படி ஒரு பதிவேடு இருந்திருக்காது. அஸ்பெஸ்டோசிஸைச் சட்டம் தொழில்நோயாக ஏற்கிறது, அவருக்கு ஈ.எஸ்.ஐ. இருந்திருந்தால் பழைய அட்டையைத் தேடி எடுங்கள்.

கூரைத் துண்டைக் கூரியரில் அனுப்புவது காத்திருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அவரை உட்காரவைத்து, நீங்கள் கேட்க அவர் சொல்ல, அந்தத் தாளை எழுதுங்கள். கூட வேலை பார்த்தவர்களின் பெயர்களை எழுதும்போது, அவர்களில் யாருக்கெல்லாம் இப்போது மூச்சு வாங்குகிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுங்கள்.